பாட்டியின் ஐந்து இதயங்கள்

வாசகர் கேள்விகள், சுவீடனிலிருந்து பதில்கள்

சென்ற இதழில் வடதுருவக் குளிரைப் பற்றி எழுதும்போது போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "பிப்ரவரி பிறந்தால் இங்கே சனிக்கிழமைதோறும் தேர்தல், யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு எந்தப் பாட்டை அனுப்புவது என்று." குளிரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் முழுவதும் பாட்டுத்தான். நான் இசை விமர்சகன் அல்லன். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் மாலை நேர வேலை பார்ப்பவன். முப்பது பிப்ரவரிகளாக இந்தக் கூத்தைப் பார்த்துவருகிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

நாடு பாட்டை அனுப்புகிறது என்கிறீர்கள். நாடு என்றால் யார்? கலாசார அமைச்சா?
(ஒரு வாசகர், பெர்கன்)

அமைச்சருக்கு இதில் கையெழுத்துப் போடும் வேலைகூடக் கிடையாது. போட்டியிடுவது தொலைக்காட்சி நிறுவனங்கள். ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் என்ற அமைப்பு போட்டியை நடத்துகிறது; அதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் ஆளுக்கொரு பாட்டை அனுப்புகின்றன. ஆஸ்திரேலியா 2015 முதல் பாடிக்கொண்டிருப்பதும் இந்த வழியில்தான். வரைபடத்தைப் பார்த்துக் குழம்பவேண்டாம். அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றியத்தின் இணை உறுப்பினர், அழைப்பு வந்தது, போனார்கள்.

முதல் போட்டி 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் நடந்தது. ஏழே நாடுகள், தலைக்கு இரண்டு பாடல்கள். விருந்தளித்த சுவிட்சர்லாந்தே வென்றது. எத்தனை வாக்கு என்று யாருக்கும் தெரியாது, எண்ணிக்கையை வெளியிடவில்லை. வீட்டுக்காரரே பரிசையும் எடுத்துக்கொண்டு கணக்கையும் காட்டாமல் இருந்தால் நம் ஊர் விழாக்களில் நாற்காலி பறக்கும். அன்றைய விருந்தினர்கள் கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜெனீவா விதிக்கும் விதிகள் சில: பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. முதன்மைக் குரல் நேரடியாக ஒலிக்கவேண்டும். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1க்கு முன் பாட்டு வெளியாகியிருக்கக்கூடாது. அந்தப் பாட்டை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று மட்டும் எவரையும் கேட்பதில்லை. கேளிக்கை முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

சுவீடனில் வயது வாரியாக வாக்கு எண்ணுகிறார்களாமே? உண்மையா?
(வாசகி, லண்டன்)

உண்மை. இதற்கு நான் சற்று நீட்டித்துத்தான் பதில் சொல்வேன், ஏனென்றால் இதில் என் தொலைபேசியும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இங்குள்ள தேர்வு நிகழ்ச்சிக்கு மெலோடிஃபெஸ்டிவாலன் என்று பெயர். ஆறு சனிக்கிழமைகள், இரவு எட்டு மணிக்கு. ஒவ்வொரு வாரமும் ஓர் ஊர். 2025இல் லூலியோவில் தொடங்கி யோத்தபோரி, வெஸ்தெரோஸ், மால்மோ, யோன்ஷோப்பிங் என்று இறங்கி, ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னா அரங்கில் முடிந்தது. 30 பாடல்களில் 12 இறுதிக்கு வரும். வாக்களிக்கச் செல்பேசியில் ஒரு செயலி உண்டு. ஒரு பாட்டுக்கு ஐந்து இதயங்கள் வரை அழுத்தலாம், காசு கிடையாது. நாடெங்கும் விரல்கள் அழுத்த அழுத்தத் தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் ஓர் இதயம் துடிக்கும். பாட்டு சூடுபிடித்தால் அது ஓட்டப்பந்தயக்காரன் நெஞ்சு மாதிரி அடித்துக்கொள்ளும்.

செயலி முதலில் கேட்பது வயதைத்தான். 3 முதல் 9 வயது ஒரு குழு, 10 முதல் 15 ஒரு குழு, இப்படியே ஏறி 75க்கு மேல் ஒரு குழு. மொத்தம் ஏழு. தொலைபேசியில் அழைத்து வாக்களிப்போர் எட்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் தனி நாடு மாதிரி 12, 10, 8 என்று புள்ளி வழங்கும். 2019இல் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் பொழுதன்றைக்கும் செல்பேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் ஒரே பாட்டுக்கு அழுத்தித் தள்ளிவிடுவார்கள். பெரியவர்களின் விருப்பம் அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது இருபது இலட்சம் சிறுவர்கள் அழுத்தினாலும் அவர்கள் குழுவின் 12 புள்ளி 12தான்.

இனி என் தொலைபேசிக் கதை. எங்கள் இல்லத்தில் எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். முன்னாள் தபால் நிலைய ஊழியர். சனிக்கிழமை ஆறு மணிக்கே சக்கர நாற்காலியைக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே நிறுத்தச் சொல்லிவிடுவார். மடியில் ஒரு தட்டு, தட்டில் உருளைக்கிழங்குச் சீவல், காதுக் கருவியில் புது பேட்டரி. அவரிடம் செல்பேசி கிடையாது. "உன்னுடையதை எடு" என்றார். எடுத்தேன். "அந்த வெள்ளைச் சட்டைப் பையனுக்கு ஐந்து" என்றார். ஐந்து முறை அழுத்தினேன். திரையில் இதயம் துடித்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

புள்ளி அறிவிக்கும் நேரம் வந்தது. 75க்கு மேற்பட்டோரின் 12 வேறு யாருக்கோ போயிற்று. பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாம் அழுத்தினோமே?"

"அழுத்தினோம். ஆனால் இது என் தொலைபேசி. நான் ஐம்பத்தேழு. நம் வாக்கு 45 முதல் 59 கணக்கில் சேர்ந்திருக்கும்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "உன் வயதுக்காரர்களுக்கு நான் எதற்காக வாக்குப் போடவேண்டும்? அவர்களுக்கு என்ன தெரியும்?"

அடுத்த சனிக்கிழமைக்குள் செயலியில் என் வயதை எண்பத்தெட்டு ஆக்கியபிறகுதான் அவர் முகம் தெளிந்தது. நாற்பத்தோரு ஆண்டு தபால்களைச் சரியான பெட்டியில் போட்டவர். வாக்கு தவறான பெட்டியில் விழுந்தால் பொறுப்பாரா?

இவ்வளவு ஜனநாயகம் பேசுகிறவர்கள் இறுதிச் சுற்றில் வெளிநாட்டு நடுவர்களை ஏன் கூப்பிடுகிறார்கள்? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த ஊர்க்காரன் பெண் பார்ப்பதா?
(வாசகர், ஆர்ஹூஸ்)

உங்கள் உவமைக்கே ஒரு பதில் உண்டு: பெண் போய் வாழப்போவது அடுத்த ஊரில்தானே. மே மாதம் யூரோவிஷனில் புள்ளி போடுகிறவர்கள் வெளிநாட்டவர்கள். அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எட்டு நாட்டு நடுவர் குழுக்களை வைத்திருக்கிறார்கள். பாதிப் புள்ளி அவர்களுடையது, மீதிப் பாதி மக்களுடையது.

இதில் வேடிக்கையும் நடக்கும். 2019 இறுதியில் யோன் லுண்ட்விக் என்ற பாடகருக்கு எட்டு நடுவர் குழுக்களும் சொல்லிவைத்தாற்போல 12 கொடுத்தன. அவரே அந்த ஆண்டு பிரிட்டன் அனுப்பிய பாட்டையும் எழுதியவர்களில் ஒருவர். டெல் அவிவில் நடந்த யூரோவிஷனில் ஒரே இரவில் அவருடைய இரண்டு பாடல்கள் போட்டியிட்டன. சுவீடனுக்காக அவர் பாடியது ஐந்தாமிடம். பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்தது கடைசி இடம். மருமகன் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பலகாரம் ஊசிப்போனது போலத்தான்.

2025இல் இதற்கு நேர் எதிர். நடுவர்கள் மோன்ஸ் செல்மெர்லோவ் பக்கம் சாய்ந்தார்கள். 2015இல் வியன்னாவில் சுவீடனுக்கு வெற்றி தேடித்தந்தவர், குறை சொல்ல இடமில்லாத பாடகர். மக்களோ 'காய்' என்ற மூவர் குழுவைத் தூக்கிவிட்டார்கள். நீராவிக் குளியலைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டு. மூவரும் ஃபின்லாந்தின் வோரோ என்ற சிற்றூரில் சுவீடிஷ் பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாட்டில் வரும் வட்டார வழக்குப் பாதிப்பேருக்குப் புரியாது. புரியாவிட்டால் என்ன? மறுநாள் காலை எங்கள் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர் வரை எல்லோரும் அதைத்தான் முணுமுணுத்தார்கள். 1998க்குப் பிறகு சுவீடன் சுவீடிஷ் மொழியில் அனுப்பிய முதல் பாட்டு அது. பாசலில் நடந்த யூரோவிஷனில் நான்காமிடம் வந்தது.

அப்படியென்றால் ஃபின்லாந்துக்காரர்கள் சுவீடனுக்குப் பாடலாமா?
(அதே வாசகர்)

தாராளமாக. பாடகர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் போட்டி பார்ப்பதில்லை. ஒரு நாடு தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டால்தான் உண்டு. 1988இல் டப்ளினில் சுவிட்சர்லாந்துக்கு ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி தேடிக்கொடுத்த செலின் டியோன் கனடாக்காரர். லக்சம்பர்க் ஐந்து முறை வென்றிருக்கிறது, ஐந்து முறையும் பாடியவர் ஒருவர்கூட லக்சம்பர்க்கர் இல்லை. 1993க்குப் பிறகு ஒதுங்கியிருந்த அந்நாடு 2024இல் திரும்பி வந்தபோது புதிதாகத் தேசியத் தேர்வு ஒன்றை நடத்தியது. சொந்த மண்ணோடு தொடர்புள்ளவர்களைத் தேடியது. முப்பது ஆண்டு யோசித்திருக்கிறார்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு பாடகர் "நான் போகமாட்டேன்" என்றால்?
(வாசகி, டோர்ட்மண்ட்)

உங்கள் நாட்டிலேயே நடந்ததே, அம்மா. 2015 மார்ச், ஜெர்மனியின் ஹனோவர். அந்தர்யாஸ் கும்மெர்ட் என்ற பாடகர், தாடியும் கனத்த குரலும் உள்ளவர். இறுதிச் சுற்றில் இரண்டே பேர். மக்கள் வாக்கில் அவர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். வண்ணத் தாள்கள் பறக்கின்றன, கூட்டம் எழுந்து நிற்கிறது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இதை ஏற்கும் நிலையில் தான் இல்லை என்று சொல்லி, பக்கத்தில் நின்ற ஆன் சோஃபிக்கு இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

நான் அன்று நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் கைதட்டல் பாதியில் நின்று கூச்சலானது. நான் பார்த்தது கும்மெர்டை அல்ல, ஆன் சோஃபியின் முகத்தைத்தான். வாழ்த்துச் சொல்வதற்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்ற பெண். அந்தச் சிரிப்பை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று தெரியாமல் சில நொடி தவித்தார். தோற்றதாக அறிவிக்கப்பட்ட அதே நிமிடத்தில் நாட்டின் பிரதிநிதி. அந்த மே மாதம் வியன்னாவில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். விருந்தளித்த ஆஸ்திரியாவும் பூஜ்யம் வாங்கியது அவருக்கு எந்தளவு ஆறுதல் தந்திருக்கும் என்று தெரியாது.

இத்தாலியில் இப்படி நாடகம் கிடையாது. அங்கே சான்ரெமோ என்ற பாட்டு விழாவில் வென்றவருக்கு யூரோவிஷனுக்குப் போகும் உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. 2025இல் வென்ற ஓல்லி வேண்டாம் என்றார். இரண்டாமிடத்து லூச்சோ கோர்சி போனார். 2016இலும் இதே கதை. யாரும் நாற்காலியைத் தள்ளவில்லை.

சான்ரெமோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். யூரோவிஷனுக்கே அது தாய் என்கிறார்களே?
(வாசகர், பலெர்மோ)

தாய்தான். சான்ரெமோ 1951இல் தொடங்கியது, யூரோவிஷன் 1956இல். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் ஐரோப்பா முழுவதற்கும் ஒன்று வைக்கலாம் என்ற யோசனையே வந்தது. முதல் ஆண்டு சூதாட்ட விடுதியின் கூடத்தில் நடந்தது. 20 பாடல்கள், பாடியவர்கள் நீல்லா பிட்சி, அக்கில்லே தொல்யானி, ஃபசானோ சகோதரிகள் இருவர், அவ்வளவுதான். மாற்றி மாற்றி அவர்களே பாடி முடித்தார்கள். அன்று போட்டி பாட்டுகளுக்கிடையே. பாடுகிறவர் வெறும் வண்டிக்காரர்.

இன்று அரிஸ்டன் அரங்கில் ஐந்து இரவுகள், நேரடியாக வாசிக்கும் வாத்தியக் குழு, நள்ளிரவு தாண்டியும் முடியாத ஒளிபரப்பு. என் மனம் கவர்ந்த தேர்வு இதுதான்; சுவீடனில் இருந்துகொண்டு இதைச் சொல்வதால் வேலை போகாது என்று நம்புகிறேன். காரணம் எளிது. சான்ரெமோக்காரர்கள் ஐரோப்பாவை நினைத்துப் பார்ப்பதேயில்லை. 1998 முதல் 2010 வரை இத்தாலி யூரோவிஷன் பக்கமே வரவில்லை. விழா தன் பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் பாட்டைத் தங்கள் அத்தைக்கும் மாமாவுக்கும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021இல் மோனெஸ்கின் என்ற இளைஞர் குழு முழு இத்தாலிய மொழியில் ராக் பாடி சான்ரெமோவை வென்றது. அப்படியே ரோட்டர்டாம் போய் அங்கேயும் வென்றது.

"அடுத்தவனுக்கு என்ன பிடிக்கும்" என்று கணக்குப் போட்டுச் சமைத்த பாட்டுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கள் சுவீடனிலேயே ஆண்டுக்கு நாலைந்து வரும். மூன்றாவது நிமிடத்தில் காற்றாடி சுழலும், குரல் ஒரு படி மேலே ஏறும், நெருப்பு கக்கும். மறுநாள் காலை மெட்டு நினைவுக்கு வராது.

பூஜ்யம் வாங்கி வீடு திரும்பும் பாடகரின் கதி என்ன?
(மாணவி, ஒஸ்லோ)

ஒஸ்லோவிலிருந்து கேட்கிறீர்கள், உங்கள் பெற்றோரைக் கேட்டாலே யான் டைகென் பெயரைச் சொல்வார்களே! 1978, பாரிஸ். இப்போதைய புள்ளி முறை 1975இல் வந்தபிறகு பூஜ்யம் வாங்கிய முதல் பாடகர் அவர். தோளில் மாட்டும் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பாடினார். நோர்வேயில் அவரை வெறுத்து ஒதுக்கினார்களா? தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பாட்டு உள்நாட்டில் சக்கைப்போடு போட்டது. 1982இலும் 1983இலும் மீண்டும் அவரையே அனுப்பினார்கள்.

கடைசி இடத்தின் கதைகளில் இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. போர்த்துகல், 1974. தேசியத் தேர்வில் வென்ற பாவ்லோ தெ கர்வாலோ பிரிட்டனின் பிரைட்டன் நகருக்குப் போனார். ஆப்பா குழு வென்று உலகப் புகழ் பெற்ற அதே ஏப்ரல் 6. கர்வாலோவுக்கு மூன்றே புள்ளிகள். இன்னும் மூன்று நாடுகளோடு கடைசி இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டார். பிரிவைப் பற்றிய மென்மையான காதல் பாட்டு. யார் நினைவிலும் நிற்காமல் போயிருக்கவேண்டியது.

பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10:55. லிஸ்பன் வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்தது. பல்லாண்டு சர்வாதிகாரத்தைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்த இராணுவ அதிகாரிகள் வைத்திருந்த முதல் அடையாளக் குறி அது: தயாராகுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு வேறொரு பாட்டு இரண்டாவது குறியாக ஒலிக்க, படைகள் புறப்பட்டன. மறுநாள் துப்பாக்கிக் குழல்களில் சிவப்புக் கார்னேஷன் பூக்கள். ஏன் இந்தப் பாட்டு? அதில் அரசியல் ஒரு சொல் கிடையாது. யூரோவிஷனுக்குப் போய்வந்த பாட்டை வானொலி போடுகிறது, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் தணிக்கைக்காரனும் நினைப்பான். வேலைக்குப் போகும் வழியில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வாத்தியங்கள் எழும் இடத்தில், இருட்டில் வானொலிப் பெட்டியருகே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிப்பாயை நினைத்துக்கொள்வேன். அவன் புள்ளியைப் பற்றி யோசித்திருக்கமாட்டான்.

அரசியல் தலையிட்டுப் பாடகரை மாற்றிய சம்பவம் உண்டா?
(வாசகர், பார்சிலோனா)

பார்சிலோனாவில் இருந்துகொண்டு என் வாயைக் கிளறுகிறீர்கள். 1968: ஸ்பெயின் தேர்ந்தெடுத்திருந்த யோவான் மனுவேல் செராட், பாட்டை உங்கள் ஊர் மொழியான கத்தலானில்தான் பாடுவேன் என்றார். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக் காலம். விடுவார்களா? ஆளை மாற்றி மசியேல் என்ற பாடகியை அனுப்பினார்கள். இலண்டனில் அவர் 29 புள்ளி பெற்று வென்றார். இரண்டாமிடம் 28 புள்ளியோடு பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்ட். அந்த 28 புள்ளிப் பாட்டைப் பிரிட்டன் மக்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஆறு பாட்டையும் கிளிஃபே தொலைக்காட்சியில் பாடிக்காட்டினார். மக்கள் அஞ்சலட்டை எழுதிப் போட்டார்கள். எங்கள் பாட்டியிடம் இதைச் சொன்னபோது மிகவும் பாராட்டினார். "அதுதான் முறை" என்றார்.

அண்மைக் காலத்தில் உக்ரைன். 2019 தேர்வில் மாருவ் என்ற பாடகி வென்றார். ரஷ்யாவில் அவர் நடத்திவந்த கச்சேரிகள் பிரச்சினையாகி, ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த இடங்களில் இருந்தவர்களும் மறுத்தார்கள். அந்த ஆண்டு உக்ரைன் போகவேயில்லை. 2022 பிப்ரவரியில் வென்ற அலினா பாஷ், ரஷ்யா பிடித்துவைத்திருக்கும் கிரிமியாவுக்கு முன்பு போய்வந்தது குறித்த ஆவணச் சிக்கலில் விலகினார். இரண்டாமிடத்திலிருந்த கலுஷ் குழுவுக்கு வாய்ப்புப் போனது. அடுத்த சில நாளில் போர் மூண்டது. மே மாதம் தூரினில் 631 புள்ளியோடு வென்றார்கள்.

ஐந்தாறு வாரம், அரங்கம், வாக்கு, சண்டை... இதெல்லாம் எதற்கு? ஓர் அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து நல்ல பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதாதா?
(வாசகர், ஜூரிக்)

ஜூரிக்காரர் கேட்கத்தான் செய்வார். 2024இல் சுவிட்சர்லாந்து அப்படித்தான் நேமோ என்ற பாடகரைத் தேர்ந்தெடுத்து வென்றது. 2019இல் நெதர்லாந்தும் 2025இல் ஆஸ்திரியாவும் கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுத்து வென்றவை. 2022இல் பிரிட்டன் அப்படி அனுப்பிய சாம் ரைடர் இரண்டாமிடம். ஆகவே வெற்றிதான் கணக்கு என்றால் நான் வாயை மூடிக்கொள்ளவேண்டும்.

மூடமாட்டேன். திறந்த தேர்வில் தவறு நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். அயர்லாந்து மக்கள் 2008இல் ஒரு வான்கோழிப் பொம்மையை அனுப்பினார்கள். ஏழு முறை வென்ற நாடு! அரையிறுதியோடு வான்கோழி ஊர் திரும்பியது. மக்களைக் கேட்டுவிட்டு, பிறகு மக்கள் சொன்னதைக் கேட்காமல் விடுவதும் உண்டு. 2022இல் ஸ்பெயினின் தேர்வு நிகழ்ச்சியான பெனிடோர்ம் விழாவில் தொலைபேசி வாக்குகளை அள்ளியது கலீசிய மொழியில் பாடிய மூன்று பெண்கள். வென்றதோ நடுவர்கள் ஆதரித்த சனெல் என்ற பாடகி. நாடாளுமன்றம் வரை கேள்வி போயிற்று. அந்தப் பெண்ணைச் சமூக வலைத்தளங்களில் வறுத்தெடுத்தார்கள். தூரினில் அவர் மூன்றாமிடம் வந்தார். 1995க்குப் பிறகு ஸ்பெயினுக்குக் கிடைத்த சிறந்த இடம் அது. வறுத்தவர்களே வரவேற்கவும் போனார்கள்.

ஆனால் எங்கள் பாடகி லோரீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் சுவீடன் மக்கள் அவரை இறுதிக்குக்கூட விடவில்லை. அடுத்த ஆண்டு அனுப்பினார்கள், பாக்குவில் வென்றார். 2017இல் மறுபடி இறுதிக்கு முன்பே நிறுத்தினார்கள். 2023இல் மறுபடி அனுப்பினார்கள், லிவர்பூலில் மறுபடி வென்றார். நாலு முறை அந்தப் பெண் வெளிச்சத்தில் வந்து நின்றார், இரண்டு முறை வேண்டாம் என்றார்கள், அதையும் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அறைக்குள் நாலு பேர் தேர்ந்தெடுத்திருந்தால் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். எனக்கு ஆறு சனிக்கிழமை போயிருக்கும்.

பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போட்டிக்கே போகாமல் இருக்கலாமா?
(வாசகி, மாட்ரிட்)

போகாமலே தேர்ந்தெடுக்கலாம் என்று உங்கள் நாடே காட்டிவிட்டது. இஸ்ரேல் பங்கேற்பதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை 2026 வியன்னா போட்டியிலிருந்து விலகின. ஸ்பெயின் தொலைக்காட்சி நிறுவனமோ பெனிடோர்ம் விழாவை மட்டும் நடத்துவதாக அறிவித்தது. போக இடமில்லாத பாட்டுக்கு ஒரு தேர்தல். இத்தாலிக்காரர்கள் 13 ஆண்டு செய்ததைத்தான் செய்கிறார்கள் என்று நான் அதில் குறை காணவில்லை.

பாட்டு தாய்மொழியில் இருக்கவேண்டும் என்ற விதி இல்லையா?
(வாசகர், துலூஸ்)

இருந்தது, போனது, வந்தது, மறுபடி போனது. 1965இல் சுவீடன் ஆங்கிலத்தில் பாடிவைக்க, மறு ஆண்டே சொந்த மொழி விதி வந்தது. 1973இல் தளர்த்தினார்கள், அந்த இடைவெளியில்தான் ஆப்பா ஆங்கிலத்தில் வென்றது. 1977இல் மீண்டும் விதி. 1999 முதல் அவரவர் விருப்பம். அல்பேனியாவில் இதற்கு ஒரு தனி வழக்கம்: டிசம்பரில் விழா, வாத்தியக் குழுவோடு அல்பேனிய மொழியில் நீளமான பாட்டு, வென்றபிறகு அதை மூன்று நிமிடத்துக்கு வெட்டி, பல ஆண்டுகளில் ஆங்கிலத்துக்கும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்த டிசம்பர் வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் நல்ல பாட்டு.

நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்? மறைக்காமல் சொல்லவும்.
(வாசகி, மால்மோ)

வாத்தியத்தைத் தொட்டு வாசிக்கிறவர்களுக்கு. அதற்கடுத்து, வயதானவர்களுக்கு. காற்றாடி வைத்தால் ஓர் இதயம் குறைப்பேன்.

போன மாதம் என் மகள் என் செல்பேசியை வாங்கி எதையோ தேடினாள். "அப்பா, இந்தச் செயலியில் உங்கள் வயது எண்பத்தெட்டு என்று இருக்கிறதே?" என்றாள். பாட்டி போன இலையுதிர்காலத்தில் மகன் ஊருக்குப் பக்கத்திலுள்ள வேறோர் இல்லத்துக்கு மாறிப் போய்விட்டார். மாற்றவேண்டும் என்றுதான் அப்போதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் ஞாபகம் வருகிறது.